தலையை வெளியே விட்ட ஆணி

என் கூட்டாளி மேஸ்திரிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. முக்கால்வாசி சுகம்.

இதை எழுதுவது நானேதான். உன் மகனைக் கூப்பிட்டு யார் கையெழுத்து என்று விசாரிக்காதே. நூலக மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. அதில் நான்தான் மூத்த மாணவன். டீச்சருக்கு என் மகன் வயதுகூட இருக்காது, ஆனால் வகுப்பில் பேசினால் என்னைத்தான் முதலில் முறைக்கிறாள். இப்போது பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம்தான் உட்காருகிறேன். ஒரு போர்டு விடுவதில்லை. பாதி படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது, மீதியைத் திரும்பி வரும்போது படித்துக்கொள்கிறேன்.

ஏன் இந்த வயதில் என்று கேட்பாய். உன்னால்தான். போனில் நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், நீ "ஆங், ஆங், சாப்பிட்டாச்சு" என்கிறாய். நம் பழைய எஞ்சினியர் காலமான செய்தியைச் சொன்னபோது "ரொம்ப சந்தோஷம், நான் கேட்டதா சொல்லு" என்றாய். பக்கத்தில் என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். காலம் முழுக்கக் கலவை மெஷின் பக்கத்தில் நின்றவன் காது வேறு எப்படி இருக்கும். காது போனால் என்ன, உனக்குக் கண் இருக்கிறது. சைட்டில் வரைபடத்தை விரித்து எனக்குப் படித்துச் சொன்ன கண். அதனால் உன் கண்ணோடு பேசலாம் என்று எழுதக் கற்றுக்கொண்டேன்.

முதலில் சைட்டில் எல்லோரும் உன்னைக் கூப்பிட்ட பெயரைத்தான் மேலே எழுதினேன். கோணக்கை என்று. வாயில் வரும்போது அது வெறும் கூப்பாடு, நீயும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். தாளில் எழுதி நானே படித்துப் பார்த்தபோது ஏனோ பிடிக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மேஸ்திரி என்று ஆரம்பித்தேன்.

இனி செய்தி. என் பேத்தி தவளையை உனக்குத் தெரியும். நடக்க வேண்டிய இடத்தில் குதிப்பாள், குதிக்கக் கூடாத இடத்திலும் குதிப்பாள். பூங்காவில் பிள்ளைகள் தொங்கித் தொங்கிப் போகிற இரும்புக் கம்பி ஏணி இருக்கிறது. அதில் தொங்கினாள். நான் பக்கத்திலேயே நின்று அங்கிருந்த போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். "குழந்தைகளைக் கவனமாக" என்பது வரைக்கும் வந்திருந்தேன். பின்னால் சத்தம் கேட்டது.

வலது கை. முழங்கைக்குச் சற்று மேலே. அந்தக் கை அவளுடையது இல்லை, வேறு யாருடையதையோ கொண்டுவந்து மாட்டியது போல இருந்தது. அந்த இடம் எனக்குத் தெரியும். சைட்டில் நீ சட்டையைக் கழற்றித் தொட்டித் தண்ணீரை ஊற்றிக் குளிக்கும்போது எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

கீழ் வீட்டுக்காரர் ஓடி வந்து, "குழந்தை எலும்புதானே, குச்சி வச்சு இறுக்கிக் கட்டினா தானாக் கூடிடும், எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் வண்டியை நிறுத்தி, "மாமா, ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. செய்தி கேட்டுத் தையல் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்தவள், கழுத்தில் அளவு நாடாகூடத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு பெண். வந்ததும் எலும்பைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். குழந்தையின் கை வெளுத்துச் சில்லென்று இருந்தது. பிறகு, "பாப்பா, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எனக்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டு" என்றாள். தவளை முயற்சி செய்தாள். இரண்டு விரலும் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றன. வட்டம் வரவில்லை. டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நடை வேகமாகிவிட்டது.

உடைந்த எலும்பின் முனை ரத்தக் குழாயையும் நரம்பையும் அழுத்துகிறது, உடனே எலும்பை இடத்தில் வைத்துக் கம்பி போட வேண்டும் என்றாள். "வெட்டுவீங்களா?" என்று கேட்டேன். "வெட்டாம முடியும்னு நினைக்கிறேன் பெரியவரே. வெளியிலிருந்தே கையால எலும்பைக் கூட்டி, தோல் வழியாவே கம்பியை ஏத்துவேன். கையை ஒரு மெஷின் படம் பிடிச்சுக்கிட்டே இருக்கும், அதைப் பார்த்துக்கிட்டே செய்வேன்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் கிடக்கும் பலகையை நேராக்குவேன் என்று ஒருவன் சொன்னால் நீ என்ன சொல்லுவாய்? அதையேதான் நானும் மனசுக்குள் சொன்னேன்.

மேஸ்திரி, அவள் சொன்னபடியே செய்தாள்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். உடைந்த துண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு கம்பிகள், ஒன்றை ஒன்று ஒட்டாமல் விரிந்து, உடைப்பைத் தாண்டிப் போய் எலும்பின் எதிர்ச்சுவரைப் பிடித்து நின்றன. கான்கிரீட் ஊற்றும் தூண் பெட்டி சாயாமலும் முறுக்காமலும் இருக்க நாம் கொடுப்போமே சாய்வு முட்டு, அதே கணக்கு. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து, "என்ன பெரியவரே, பயமா இருக்கா?" என்றாள். "இல்லம்மா, முட்டு கொடுத்த விதம் நல்லா இருக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

குழந்தையின் கை இளஞ்சிவப்பாகி, வெதுவெதுப்பாகியிருந்தது. நர்ஸ் நகத்தை அழுத்திக் காட்டினாள். வெளுத்து, உடனே சிவப்பு ஓடி வந்தது. எங்கிருந்தோ தண்ணீர் திறந்துவிட்டது போல. நானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை. கடைசியில் நர்ஸ், "தாத்தா, விட்டா நகம் தேஞ்சிடும்" என்று விரட்டினாள்.

ஆனால் வட்டம் வரவில்லை. நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுந்திருக்காது, பெரும்பாலும் தானாக வரும், பொறுமை வேண்டும் என்கிறாள் டாக்டர். தவளை எழுதுகிற கை அது. மகன் லாரியோடு வெளியூரில், மருமகளுக்கு எழுத்து வராது. இப்போது வீட்டில் எழுதத் தெரிந்து, எழுதக் கையும் உள்ளவன் நான் ஒருவன்தான். வீட்டுப்பாடம்கூட அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். "தாத்தா, சீக்கிரம்" என்று என்னைத் திட்டுகிறாள்.

உன் மகன் போனில் சொன்னான், உன் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறதாம். என்ன என்று எழுது.

வட்டம் வர வேண்டும் என்று நீயும் ஒரு தடவை மனதார நினைத்துக்கொள்.

உன்
கடப்பாரை

*

என் அருமை மேஸ்திரிக்கு,

உன் பதில் வந்தது. கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். "உன் எழுத்து கடப்பாரையால் குத்தி எழுதியது போல இருக்கிறது" என்று நீ எழுதியதையும் சத்தமாகத்தான் படித்துத் தொலைத்தேன், படித்து முடித்த பிறகுதானே தெரிகிறது. மருமகள் நாள் முழுக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று, அதனால் உன்னை மன்னித்தேன்.

டம்ளர் விஷயத்துக்கு "கை ஈரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சரி, அதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் தடவை கட்டைப் பிரித்து மருந்து வைத்த அன்று நடந்ததைக் கேள். பஞ்சை எடுத்ததும் பார்த்தால், முழங்கைக்குப் பக்கத்தில் தோலுக்கு வெளியே இரண்டு கம்பிகளும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. முனையை மடக்கி விட்டிருக்கிறாள். மருமகளுக்கு முகம் வெளிறிவிட்டது. "பாதியிலயே விட்டுட்டாங்களா மாமா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் மகன் எங்கோ நெடுஞ்சாலையில் லாரியை ஓரம் கட்டிவிட்டு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு செஞ்ச வேலை இது? உள்ள முழுசா இறக்க வேண்டாமா? பெரிய டாக்டரைக் கூப்பிடு" என்று அங்கிருந்தே கத்தினான்.

நான் மட்டும் சிரித்தேன் மேஸ்திரி. சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பலகை அடிக்கும்போது புதுப் பையன் ஆணியைத் தலை வரைக்கும் இறக்கிவிட்டால் நீ என்ன கத்துக் கத்துவாய். "அட அறிவுக்கொழுந்தே, நாளைக்கு இதை எவன் உருவுவான்? தலையை வெளிய விடுடா!" அதேதான். அவளும் தலையை வெளியே விட்டிருக்கிறாள். பிரிப்பதற்காக.

டாக்டரிடம் கேட்டேன். "இது நிரந்தரம் இல்லை, உருவப் போறீங்க, அப்படித்தானே?" என்றேன். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா. நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்றாள். சென்ட்ரிங் என்றேன். தளமும் பீமும் ஊற்றுவதற்கு முன்னால் பலகைப் பெட்டி அடித்து, முட்டுக் கொடுத்து, காய்ந்த பிறகு பிரித்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நாங்கள், கட்டடம் முடிந்தால் எங்கள் வேலை ஒன்றுகூட அதில் இருக்காது என்று சொன்னேன். "அப்ப நாம ஒரே தொழில்" என்றாள். மேஸ்திரி, அன்று நான் பஸ்ஸில் வரவில்லை. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. மாவுக்கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாதாம். நம் தொழிலில் இறுகுவதற்கு வைத்த எதற்காவது தண்ணீர் காட்டாமல் விட்டிருக்கிறோமா? சரி, அவள் சைட், அவள் சட்டம்.

ஆனால் கம்பி உருவும் நாளில்தான் நான் புத்தி கெட்டு நடந்துகொண்டேன். எனக்கு அது சீக்கிரம் என்று பட்டது. உனக்கே தெரியும், முட்டுகளை அவசரமாக எடுத்துத் தொங்கிப்போன தளத்தை நாம் பார்த்திருக்கிறோம். கூட நாள் நின்றதால் கெட்டுப்போன தளத்தைப் பார்த்ததே இல்லை. உருவினபின் எலும்பு இறங்கிவிட்டால்? கோணிக்கொண்டால்? அந்தக் கோணல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

டாக்டர் கம்பி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்ததும், நான் போய்க் குழந்தைக்கு முன்னால் நின்றுகொண்டேன். "இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்மா. நின்னா நல்லதுதானே" என்றேன். நர்ஸ் நகரச் சொன்னாள். நகரவில்லை. மருமகள் வெட்கத்தில், "மாமா, வாங்க இந்தப் பக்கம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். தவளை மட்டும், "தாத்தா, எனக்கு ஸ்கூல் இருக்கு" என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. குறட்டை வைத்துவிட்டு அன்று எடுத்த படத்தைக் காட்டினாள். "உங்க பலகைக்குக் கூட நாள் நல்லது. இது உயிருள்ள தோல் வழியாப் போற கம்பி. அதிக நாள் நின்னா அதைப் பிடிச்சுக்கிட்டே கிருமி உள்ள இறங்கும். முழங்கையும் இறுகிடும். எப்ப எடுக்கிறதுன்னு நான் முடிவு பண்ணலை. எலும்பே சொல்லுது, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். உடைப்பைச் சுற்றி இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு மூட்டம். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அது போல. அதுதான் புது எலும்பாம்.

அதை நினைத்து நினைத்து எனக்கு இன்னும் ஆச்சரியம் மாளவில்லை. நாம் ஒரு தளம் போட எவ்வளவு பாடு. மணல், ஜல்லி, சிமென்ட், கம்பி, வரிசையாக ஆட்கள், மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்க்கிற நீ. இங்கே யார் மணல் கொண்டுவந்தார்கள்? யார் கலந்தார்கள்? இந்தப் பெண் ரொட்டி தின்றாள், பால் பிடிக்காது என்று சண்டை போட்டாள், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். உள்ளே எவனோ சத்தமே இல்லாமல் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். டாக்டர் செய்தது முட்டுக் கொடுத்தது மட்டும். அதை அவளே சொன்னாள். "சேர்த்து வைக்கிறதுதான் என் வேலை. கூடுறது அதோட வேலை" என்றாள். இவ்வளவு தெரிந்தவள், தன் வேலை எந்த இடத்தில் முடிகிறது என்று சொன்னாளே, அந்த இடத்தில்தான் நான் நகர்ந்து வழி விட்டேன்.

உருவுகிற வேலைக்குத் தவளை என்னைச் சிபாரிசு செய்தாள். "எங்க தாத்தா லட்சம் ஆணி எடுத்திருக்காரு" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அடுத்த ஜென்மத்துல பார்க்கலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்று வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. ஓர் அலறல்கூட இல்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டாள் குழந்தை, ஏமாந்தவள் போல.

கை நிற்கிறது மேஸ்திரி. இறங்கவில்லை. ஆனால் நீட்ட முடியவில்லை. மடக்கின கை மடக்கினபடி நிற்கிறது, வட்டமும் இன்னும் இல்லை. பலகையைப் பிரித்தால் பீம் நேராகத் தெரிய வேண்டாமா? நான் மெல்லப் பிடித்து நீட்டிப் பார்க்கலாமா என்று கையைக் கொண்டுபோனேன். டாக்டர் என் மணிக்கட்டையே பிடித்துவிட்டாள். "இழுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது, யாரும் தொடவே கூடாது. அவ விளையாடட்டும். தானா நீளும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க பெரியவரே" என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எழுதும்போது கை அவள் பக்கம் போகாமல் இருக்கிறது பார்.

உன் கை ஈரம் எப்படி இருக்கிறது? துண்டு வாங்கி அனுப்பட்டுமா?

நல்லபடி இரு.

கடப்பாரை

*

என் மேஸ்திரி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நல்ல செய்தியோடுதான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

நாங்கள் யாரும் தொடவில்லை. அவள் பாட்டுக்கு விளையாடினாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் சோப்பு தடவிப் படம் வரைந்தாள், அலமாரியில் மேல்தட்டு பிஸ்கட் டப்பாவை எட்டினாள். டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றியது மருமகள்தான், வேண்டுமென்றே. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம். கூரை ஒழுகி வாளி நிறைவது போல. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது, மறந்துவிட்டுத் திரும்பினால் நிறைந்திருக்கும்.

வட்டம் ஒரு காலையில் வந்தது. ரொட்டித் துணுக்கு ஒன்று மேஜையில் கிடந்தது. அதை எடுத்து எறும்புக்குப் போட்டாள். நான்தான் பார்த்தேன். எடுத்தது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், நுனியோடு நுனி. "திரும்ப எடு!" என்று கத்தினேன். அவள் பயந்து, "எறும்புக்குத்தானே போட்டேன்" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. விரலை வட்டமாகப் பிடித்து, அதைக் கண்ணில் வைத்து, அதன் வழியாக என்னைப் பார்த்தாள். நான் எப்படித் தெரிகிறேன் என்று கேட்டேன். "அழுற தாத்தாவா தெரியுறீங்க" என்றாள்.

நேற்றுக் கடைசியாகப் போய்க் காட்டினோம். டாக்டர் அவளுடைய இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நூல் பிடித்தது போல. எது உடைந்த கை என்று கேட்டால் தெரியாது. அரிசி அளவில் இரண்டு தழும்பு, அவ்வளவுதான். நாம் பிரித்துவிட்டுப் போன தளத்தின் அடியில் பலகை அச்சு தெரியுமே, அது போல.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் உன் ஞாபகம். நீயும் அவள் வயதில்தான் விழுந்தாய். அதே இடம். உனக்குக் கட்டியது குச்சியும் கிழிந்த துணியும். அப்போது இந்த மெஷின் இல்லை, இந்தப் பெண் பிறக்கவில்லை. யாரைச் சொல்ல. ஆனால் ஒன்று சொல்லுவேன். உன் கை கோணலாக இருந்தது, நீ அடித்த பலகை ஒன்றுகூடக் கோணலாக இருந்ததில்லை. அந்த வீடுகளில் இன்றைக்கும் ஜனங்கள் தளத்துக்கு அடியில் பயமில்லாமல் தூங்குகிறார்கள்.

உன் கையைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டிக்கொள். ஒரு சிநேகிதனுக்கு இதே இடம் சின்ன வயதில் உடைந்து கோணலாகக் கூடியது என்று மட்டும்தான் சொன்னேன். அவள் உடனே, "சுண்டுவிரல் மரத்துப் போகுதா அவருக்கு? சாமான் கைநழுவுதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டம்ளரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கோணலாகக் கூடின முழங்கையில் ஒரு நரம்பு வருஷக்கணக்காக இழுபட்டுக்கொண்டே இருக்குமாம். வயதான பிறகு சிலருக்கு அது சோர்ந்துபோகுமாம். பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் காலம் தாழ்த்தாமல் காட்டினால் விரலில் உள்ள தெம்பையாவது காப்பாற்றலாம், விட்டால் போனது போனதுதான் என்றாள். எலும்பை உடைத்து நேராக்குகிற பேச்சே இல்லை, பயப்படாதே. நரம்புக்கு வழி விடுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்துச் சோதிக்கிற விதத்தையும் காட்டினாள். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

படித்து முடித்ததும் இந்தத் தாளை எடு. கட்டை விரலை நேராக வைத்து, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தாளை அழுத்திப் பிடி. முதலில் நல்ல கையால். உன் மகனை மறுமுனையைப் பிடித்து இழுக்கச் சொல். பிறகு அந்தக் கையால். நழுவினாலும், பிடிப்பதற்காகக் கட்டை விரல் நுனி மடங்கினாலும், கை ஈரம் என்று என்னிடம் சொல்லாதே. பையை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. தவளை தன் கட்டிலை உனக்கு விட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் உனக்காக நானே பேசுகிறேன். உனக்குக் காது கேட்காவிட்டால் எழுதிக் காட்டுகிறேன்.

நன்றாக இழுக்கச் சொல், விட்டுக்கொடுக்காமல். கிழிந்தால் கிழியட்டும். இன்னொன்று எழுதி அனுப்புவேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும்.

உன் இரண்டு கையும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
கடப்பாரை